பூட்ஸ் காலோடு உள்ளே

பட்டியலில் பதின்மூன்றாவதாக இருந்த தன் பேரின் மேல் நீலப் பேனாவால் கோடு கிழித்தது யார் என்று தெரியாமல்தான் வைஜெயந்தி போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மனசுக்குள் யார் யாரையோ கூண்டில் ஏற்றி விசாரித்தாள். முதலாளியின் மச்சானா, ஆபீஸ் கிளார்க்கா, கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனா?

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த புருஷன் பாலகுரு, வாய் நிறைய நுரையோடு அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தான்.

"உம் பேரை நான்தான் அடிச்சேன். இப்ப இன்னான்ற?"

வைஜெயந்தி குடத்தைக் கீழே வைத்தாள். தண்ணீர் தளும்பி அவன் காலை நனைத்தது. இரண்டு பேரும் நகரவில்லை.

மரக்காணம் ஈசிஆர் ரோட்டோரத்தில் இருக்கும் தட்சணாமூர்த்தி முதலாளியின் உப்புக் குடோனில் பாலகுரு லோடுமேன்களுக்கு மேஸ்திரி. அதே குடோனில் பத்தொன்பது வருஷமாக உப்பை வாரிச் சாக்கில் கொட்டி, வாய் தைத்து, தலையில் தூக்கி அடுக்குகிறவள் வைஜெயந்தி. இப்போது அந்த வேலை எல்லாவற்றையும் தானே செய்யும் மெஷின் அங்கே வந்து இறங்கியிருக்கிறது. அதை ஓட்டப் பழக விருப்பமுள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று முதலாளி சொன்னதும், மகள் சூர்யகலாவை விட்டு மனு டைப் அடித்து, புருஷன் காதுக்கு எட்டாமல் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தவள் அவள்.

"எதுக்கு அடிச்ச?"

"எதுக்கா? நாப்பது ஆம்பளைங்களை வெச்சி வேலை வாங்கறவன் நான். மெஷினுக்கும் லாரி லோடுக்கும் சேத்துப் பன்னெண்டு பேர் போதும்னுட்டாரு முதலாளி. அந்தப் பன்னெண்டைப் பொறுக்கறதுக்குள்ளயே எனக்குத் தாவு தீர்ந்துபோச்சி. மிச்சம் இருபத்தெட்டு பேர் என் சட்டையைப் புடிக்கிறான். இதுல பதிமூணாவதா எம் பொண்டாட்டி பேரும் இருந்துச்சின்னா, எவன் என்னை மதிப்பான்?"

"சரி. அப்ப பொம்பளைங்க?"

பாலகுரு வாய் கொப்பளித்துத் துப்பினான். அதற்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

"இந்த வாரத்தோட நின்னுக்கச் சொல்லிட்டாரு."

"யார்கிட்ட சொன்னாரு? எங்க இருபத்திரெண்டு பேர்ல ஒருத்திகிட்டயும் சொல்லலியே."

"நான் பக்குவமா சொல்லிக்கிறேன்னு ஒத்துக்கினேன்."

இதுதான் விஷயம். ஆம்பளைகள் பன்னிரண்டு பேர் உள்ளே, பொம்பளைகள் இருபத்திரண்டு பேர் சத்தமில்லாமல் வெளியே. முதலாளியும் மேஸ்திரியும் பேசி முடித்துவிட்டார்கள். அந்த மேஸ்திரிக்கு அவள்தான் நேற்று ராத்திரி வஞ்சிரம் வறுத்துப் போட்டிருந்தாள்.

ஆரோவில்லில் ஆபீஸ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சூர்யகலா சீப்பும் கையுமாக வெளியே வந்தாள். "ப்பா, அது அம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்த மனு. நீ எப்படி அடிக்கலாம்?"

"நீ அங்க கம்ப்யூட்டரைத் தட்டுற இல்ல? அதோட நிறுத்திக்க." பிறகு பெரிய மனசு பண்ணுகிறவன் போலப் பெண்டாட்டியிடம் சொன்னான்: "இன்னிக்கு மெஷினை ஓட்டிக் காட்டறாங்க. வந்து பாரு. வேணாம்னு நான் சொல்லல. வெளியில நின்னு பாரு."

வைஜெயந்தி குடத்தைத் தூக்கிக்கொண்டாள். உள்ளே போய் சோற்று டப்பாவைக் கட்டினாள். தினமும் இரண்டு கட்டுவாள். அன்றைக்கு ஒன்றுதான் கட்டினாள்.

அதற்கு முன்னால் குடோனுக்குள் மெஷினைப் பூட்ட இருபது நாள் ஆகியிருந்தது. அந்த இருபது நாளும் லோடுமேன்கள் எதிரே டீக்கடையில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் பக்கம் எட்டிப் பார்த்தால் மானம் போய்விடும் என்று நினைப்பு. ஆனால் பூட்ட வந்த ஃபிட்டர்களுக்கு இடத்தைப் பெருக்கிக் கொடுக்க, டீ வாங்கி வர, டார்ச் பிடிக்க, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். பொம்பளைகளைக் கூப்பிட்டார்கள்.

டார்ச் பிடித்தபடி வைஜெயந்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். "இது இன்னாத்துக்கு தம்பி? அதை முதல்ல அமுக்கினா இன்னா ஆவும்?" பொழுது போக வேண்டிய ஃபிட்டர்கள் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். தரையோடு ஓடும் பெல்ட் உப்பை மேலே இருக்கும் பெரிய தொட்டிக்குக் கொண்டுபோகும். தொட்டியின் கீழ்வாயில் வெறும் சாக்கை மாட்டினால் இரும்பு விரல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஐம்பது கிலோ விழுந்ததும் வாய் தானாக மூடும். மூட்டை நகர்ந்துபோய்த் தைத்துக்கொள்ளும். கடைசியில் ஆளுயர இரும்புக் கை ஒன்று அதைத் தூக்கிப் பலகைமேல் அடுக்கும். காற்று மோட்டாரை முதலில் போட வேண்டும், பெல்ட்டைக் கடைசியில்தான் போட வேண்டும். மெஷினைச் சுற்றித் தரையில் அடித்திருக்கும் மஞ்சள் கோட்டுக்குள் ஓட்டுகிறவர்கள் மட்டும்தான் நிற்கலாம். இதெல்லாம் அவளுக்கு ரேஷன் கடை வரிசை மாதிரி மனப்பாடம்.

ஒன்பது மணிக்கு மெஷின் கம்பெனி இன்ஜினியர் ஏசுராஜ் பைக்கில் வந்து இறங்கினார். வில்லியனூர்க்காரர். சிரிக்காத முகம். அன்றைக்கு இங்கே ஓட்டிக் காட்டிவிட்டால் சாயந்திரமே அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டியவர்.

ஷட்டருக்கு வெளியே அவர் அப்படியே நின்றுவிட்டார்.

பன்னிரண்டு ஜோடி புத்தம் புது பூட்ஸ். முனையில் இரும்பு வைத்த கறுப்பு பூட்ஸ். கோயில் வாசலில் விடுவது போல ஒழுங்காக வரிசையில் விட்டிருந்தார்கள். உள்ளே பாலகுருவும் மற்றப் பதினோரு பேரும் தலையில் மஞ்சள் ஹெல்மெட், இடுப்பில் மடித்துக் கட்டிய லுங்கி, கீழே வெறுங்கால்.

"பூட்ஸ் எங்க?" என்றார் ஏசுராஜ்.

"வெளியில விட்டிருக்கோம் சார்," என்றான் ஜெயசீலன். பன்னிரண்டு பேரில் இளையவன். அவர் கேட்டதே அவனுக்கு வேடிக்கையாக இருந்தது.

"எதுக்கு?"

"உப்பு சார் இது. உப்பு மேல எப்படி சார் பூட்ஸ் போட்டு நிக்கிறது? மகாலட்சுமி சார்."

அந்தக் குடோனில் செருப்புக் காலோடு உப்பை மிதித்தவர்கள் இதுவரை கிடையாது. முதலாளி தட்சணாமூர்த்தியே வெளியில் கழற்றிவிட்டுத்தான் வருவார். அன்றைக்கும் பட்டுக்கரை வேட்டிக்குக் கீழே வெறுங்காலோடுதான் நின்றிருந்தார்.

"பூட்ஸ் இல்லாம நான் ஸ்விட்ச் போட மாட்டேன்," என்றார் ஏசுராஜ். "பெல்ட் ஓடுது, இரும்புக் கை சுத்துது. கால் போச்சின்னா யார் பதில் சொல்றது?"

"சார், ஒரு தேங்கா உடைச்சிட்டு…" என்று முதலாளி இழுத்தார்.

"தேங்கா உடைங்க. பூட்ஸும் போடச் சொல்லுங்க."

பன்னிரண்டு பேரும் பாலகுருவைப் பார்த்தார்கள். பாலகுரு அசையவில்லை. "முப்பது வருஷமா இந்த உப்புதான் சார் சோறு போடுது. அதை பூட்ஸ் காலால மிதிக்க மாட்டோம். வேணும்னா மெஷினை நீங்க வேற மாதிரி செஞ்சி எடுத்தாங்க."

ஆம்பளைகள் ஆமாம் ஆமாம் என்றார்கள். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து உப்பு வாங்கும் கம்பெனிக்காரர் வருகிறார். மனுஷன் கைபடாமல் மெஷினில் பிடித்த மூட்டையாக இருந்தால்தான் எடுப்போம் என்று கறாராகச் சொன்ன கம்பெனி. அவர் வரும்போது மெஷின் சும்மா நின்றால் அதோடு அந்தக் கம்பெனிக்குக் கும்பிடு போட வேண்டியதுதான்.

வெளியே சாக்குக் கட்டுகள் மேல் இருபத்திரண்டு பொம்பளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் வந்ததும் வைஜெயந்தி சேதியைச் சொல்லிவிட்டாள். அழுதவள் அழுதாள், திட்டியவள் திட்டினாள். அனுமந்தையிலிருந்து வரும் ஆண்டாள் மட்டும், "உம் புருஷன் வாய்ல உப்பை வெச்சித் தைக்க," என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டாள்.

உள்ளே நடந்த பேச்சு அத்தனையும் வெளியே கேட்டது. வைஜெயந்தி எழுந்தாள். வரிசையில் முதலாவதாக இருந்த ஜோடியை எடுத்தாள். அது பாலகுருவுடையது. ஒன்பதாம் நம்பர். அவள் கால் நுழைந்ததும் உள்ளே இன்னொரு காலுக்கு இடம் இருந்தது. சாக்குக் கிழிசலைச் சுருட்டி முனையில் திணித்து, கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"வைஜி, இன்னாடி பண்ற?" என்றாள் ஆண்டாள்.

"வேலைக்குப் போறேன்க்கா."

கறக், கறக் என்று உப்பு நொறுங்கும் சத்தத்தோடு அவள் உள்ளே நடந்தாள். யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஜெயசீலன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான், எதற்கென்று அவனுக்கே தெரியாது.

"ஏய்! கழட்டுடி!" என்றான் பாலகுரு.

"மாட்டேன்."

"உப்புடி அது! சோறு போடுற உப்புடி!"

"யாருக்குச் சோறு போடுது? வெள்ளிக்கிழமையோட எனக்குக் கிடையாதுன்னு நீதானே ஒத்துக்கினு வந்த? எனக்குச் சோறு போடாத உப்புக்கு நான் ஏன்யா செருப்பைக் கழட்டணும்?"

வைஜெயந்தி ஏசுராஜிடம் திரும்பினாள்.

"சார், லிஸ்ட்டுல என் பேரு இருந்துச்சி. இவரு அடிச்சிட்டாரு. எனக்கு ஓட்டத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"கேட்டுப் பாருங்க."

ஏசுராஜ் கேட்டார். எது முதலில், எது கடைசியில், சிவப்புப் பொத்தான் எதற்கு, உப்பு கட்டிக்கொண்டால் என்ன செய்வது. அவள் கைகாட்டிக் கைகாட்டிச் சொன்னாள். ஒரு இடத்தில் மட்டும் தப்பாகச் சொன்னாள். அவர் திருத்தினார், அவள் திருப்பிச் சொன்னாள். சாக்கு மாட்ட ஒருத்தர், தையல் பார்க்க ஒருத்தர், இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்றார் அவர்.

"ஆண்டாக்கா! தெய்வநாயகி! வாங்க."

ஆண்டாள் ஷட்டர் வாசலில் நின்று யோசித்தாள். குனிந்து ஒரு கல் உப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கோச்சிக்காத தாயே," என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து ஜெயசீலனின் பூட்ஸை மாட்டினாள். தெய்வநாயகி அந்த மரியாதைகூடச் செய்யவில்லை. நேராகக் காலை விட்டாள்.

முதலாளி வாயைத் திறந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். இந்தப் பன்னிரண்டு பேரையும் வழிக்குக் கொண்டுவர ஒரு வாரம் ஆகும். பதினொரு மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

கம்பெனிக்காரர் வந்தபோது ஆறாவது மூட்டை நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. நல்ல மனுஷன் போலத்தான் இருந்தார். "லேடீஸா ஓட்டறாங்க?" என்று ஆச்சரியப்பட்டார்.

"ஆமாங்க. நம்ம குடோன்ல லேடீஸ்தான்," என்றார் தட்சணாமூர்த்தி, பல வருஷமாக அப்படித்தான் என்பதுபோல.

ஏழாவது சாக்கில் பாதி விழுந்ததும் உப்பு நின்றது. கடல் காற்று பட்டு ஈரம் கோத்திருந்த உப்பு தொட்டிக்குள் பாளமாகக் கட்டிக்கொண்டது. கீழ்வாய் திறந்தபடி இருந்தது, ஒரு கல்கூட விழவில்லை. மேலே பெல்ட் மட்டும் உப்பைக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டே இருந்தது.

"அவ்ளோதான்," என்று ஓரத்தில் நின்ற ஆம்பளைகளில் ஒருவன் சிரித்தான்.

வைஜெயந்தி தொட்டியைக் குலுக்கும் பொத்தானைத் தேடிக் கையை நீட்டினாள். அதற்குள் பாலகுரு மூங்கில் கழியை எடுத்துவிட்டான். உப்புக் குவியல் சரியாமல் நின்றால் மேலே ஏறிக் கழியால் குத்துவதுதான் இங்கே எல்லோரும் செய்வது. கட்டிக்கிடக்கும் உப்பைக் கண்டால் அவனுக்குக் கை நிற்காது. அவன் யோசிக்கவே இல்லை. குவியலில் கால் வைப்பதுபோல ஓடுகிற பெல்ட்டில் வெறுங்காலை வைத்தான்.

பெல்ட் அவனை இழுத்தது. கழி ஒரு பக்கம் போனது. லுங்கி முனை ஓரத்து உருளையில் மாட்டியது.

வைஜெயந்தி சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள்.

எல்லாம் நின்றது. இரும்புக் கை பாதி வழியில் அந்தரத்தில் நின்றது. பாலகுருவின் கால் கட்டைவிரலுக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி வைக்கலாம், அவ்வளவு இடம்தான். ஏசுராஜ் ஓடிப்போய் லுங்கியைக் கிழித்து அவனை இறக்கினார்.

வைஜெயந்தி ஓரத்தில் நின்ற ஆம்பளைகள் பக்கம் திரும்பினாள்.

"பூட்ஸ் இல்லாதவங்க எல்லாம் மஞ்சக் கோட்டுக்கு அந்தாண்ட போங்க!"

பாலகுரு அவளைப் பார்த்தான்.

"உன்னையும்தான்யா சொல்றேன். போ."

நாற்பது பேரை ஒரு சொடக்கில் நகர்த்தும் மேஸ்திரி, கிழிந்த லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய் நின்றான். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். அவள் குலுக்கும் பொத்தானை அமுக்கினாள். தொட்டி கடகடவென்று ஆடியது, பாளம் உடைந்து உப்பு விழுந்தது. ஏசுராஜ் தலையை ஆட்டியதும் பெல்ட்டை மறுபடி போட்டாள்.

நூறு மூட்டை பார்த்துவிட்டுக் கம்பெனிக்காரர் கிளம்பினார். போகும்போது முதலாளியின் கையைக் குலுக்கி, "சேஃப்டி பிரமாதம்," என்றார்.

கார் கேட்டைத் தாண்டியதும் முதலாளி சொன்னார்: "போதும்மா வைஜெயந்தி. கழட்டிடுங்க. நாளையிலேர்ந்து ஆம்பளைங்க போட்டுக்குவாங்க. என்ன பாலகுரு?"

பாலகுரு கிழிந்த லுங்கியை இழுத்து முடிந்துகொண்டான்.

ஏசுராஜ் ஒரு படிவத்தை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார். "ஓட்டினவங்க பேரு சொல்லுங்கம்மா."

"அந்தப் பன்னெண்டு பேர் பேரை எழுதிக்குங்க சார்," என்றார் முதலாளி அவசரமாக.

"அவங்க ஓட்டலியே. ஓட்டாதவன் பேரை எழுதி, நாளைக்கு ஒருத்தன் காலை உள்ள விட்டான்னா கம்பெனி என்னைத்தான் கேக்கும். இன்னிக்கு ஒருத்தர் விட்டும் பாத்துட்டாரு." அவர் யார் பக்கமும் பேசவில்லை. தன் தலை தப்பினால் போதும் என்று பார்த்தார், அவ்வளவுதான். "இவங்க மூணு பேருக்குத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். வேற ஆள் ஓட்டினா வாரண்டி கிடையாது."

மூன்று பேரும் பேரைச் சொன்னார்கள். தட்சணாமூர்த்தி வேட்டி முனையைத் தூக்கி முகத்தைத் துடைத்தார்.

"சரி, நீ ஒருத்தி இரு வைஜெயந்தி. உன்னை வெச்சிக்கிறேன்."

"ஒருத்தியா எப்படிங்க ஓட்டுறது? ரெண்டு ஷிஃப்ட்டுக்கு ஓட்ட மட்டும் ஆறு பேர். ஆறும் பொம்பளைங்க. மிச்சம் மூணு பேருக்கு நான் சொல்லிக் குடுக்கறேன், சார் வந்து பாக்கட்டும். வேணாம்னா சொல்லுங்க, இப்பவே கழட்டிடறோம். நாளைக்கு லாரி வந்தா இவரோட பன்னெண்டு பேரும் தேங்கா உடைக்கட்டும்."

"நாளைக்குப் பேசலாம்மா."

"பேசுங்க. காலைல ஆறு மணிக்கு நாங்க வந்துடுவோம்."

வெளியே வந்ததும் ஆண்டாள் மெதுவாகக் கேட்டாள். "ஆறு பேரு சரி. மத்தப் பதினாறு பேரு, வைஜி?"

"தெரியலக்கா," என்றாள் வைஜெயந்தி. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "மெஷின் தின்னத்தான் தின்னும். எல்லாத்தையும் நம்ம தட்டுலேர்ந்தே எடுத்துத் தின்னக் கூடாது."

பாலகுரு பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். மாற்று லுங்கி யாரோ கொடுத்திருந்தார்கள். அவள் பக்கத்தில் போனதும் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது.

"காலு நல்லா இருக்குதா?" என்றாள்.

"பன்னெண்டு பேருக்கு வாக்குக் குடுத்திருந்தேன்டி. அவனவன் வீட்ல குழந்தை குட்டி இருக்குது."

"நாங்க இன்னா பொழுதுபோவாமலா மூட்டை தூக்கினோம்?"

"என்னைக் கோட்டுக்கு அந்தாண்ட போன்னு சொன்ன. அத்தினி பேர் எதிர்ல."

"சொல்லலன்னா உனக்குக் கால் இருந்திருக்காது."

"போயிருந்தாக்கூடப் பரவால்ல," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். அவன் பின்னால் இன்னும் நாலைந்து வண்டிகள் கிளம்பின.

நாலு மணிக்கு வைஜெயந்தியின் போன் அடித்தது. சூர்யகலா. சீக்கிரம் வீடு திரும்பியிருக்கிறாள். குரல் தணிந்திருந்தது.

"ம்மா, அப்பா உன் துணியெல்லாம் எடுத்து மூட்டை கட்டிக்கினு இருக்காரு. கடைசிக்கு உன் கல்யாணப் புடவையைக்கூட விடல."

வைஜெயந்தி ஒரு நிமிஷம் ஈசிஆரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாண்டிச்சேரி பஸ் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

"கட்டட்டும். ஐம்பது கிலோ தாண்டாம பாத்துக்கச் சொல்லு. தாண்டினா வாய் தைக்க வராது."

"வெளையாடாதம்மா. அப்பா மட்டும் இல்ல. ஜெயசீலன் அண்ணன், அவங்க ஆளுங்க, பத்து பேர் வாசல்ல உக்காந்திருக்காங்க. நீ வந்தா உள்ள விடக் கூடாதுன்னு பேசிக்கிறாங்க. நீ நேரா மாமா வீட்டுக்குப் போயிடும்மா, நான் அப்புறமா உன் துணியை எடுத்துக்கினு வர்றேன்."

"எதுக்குடி? அந்த வீட்டுச் சுவத்துக்குச் செங்கல் சுமந்தவ நான். டீ தண்ணி போட்டு வை."

"ம்மா, பத்து பேரும்மா!"

வைஜெயந்தி திரும்பிப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே ஆண்டாள் ஷேர் ஆட்டோவை அனுப்பிவிட்டு, புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருபது பேரும் வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்தார்கள்.

"பத்து பேர்னா பரவால்ல," என்றாள் போனில். "பெரிய பாத்திரமா வை. நாங்க இருபத்திரெண்டு பேர் வர்றோம்."